ஆட்டுக்குட்டி தின்ற டிராகன்

ஆட்டுக்குட்டி இருபத்து மூன்றாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு இருபத்து நான்கில் வாய் வைத்த நேரத்தில்தான் நெவில் ப்ரிட்சர்ட் தேநீர்க் கோப்பையோடு திரும்பினார்.

"அடப்பாவி! விடு! விடுன்னா விடு!"

குட்டி விடவில்லை. தாய் இல்லாத குட்டி. மூன்று வாரமாகச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து அட்டைப்பெட்டியில் கிடந்து புட்டிப்பால் குடித்து வளர்கிறது. பாலைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத சமர்த்து என்று நெவில் நேற்றுகூடப் பெருமையடித்திருந்தார். இன்று பதினாறு பக்கம் உள்ளே போய்விட்டது.

பிடுங்கியதில் மிஞ்சியது அரைப் பக்கம். "கயிற்றின் கடைசி இழையும்" என்பது வரை படிக்க முடிந்தது. மீதி குட்டியின் வயிற்றில்.

நெவில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எப்பேர்ப்பட்ட இடம்! அகஸ்டா மெரிடன் எரிமலை வாயில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே டிராகனின் கூடு. கூட்டில் ஒரே ஒரு முட்டை. தாய் எந்த நேரமும் திரும்பி வரலாம். அந்த நிலையிலும் அந்த அம்மாள் தொப்பி ரிப்பனை அவிழ்த்து முட்டையின் சுற்றளவை அளந்து, "முப்பத்தொரு அங்குலம், ஓட்டில் பச்சைப் புள்ளிகள்" என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய சீமாட்டி ஒருத்தி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலைமலையாக ஏறி டிராகன்களை ஆராய்ந்த கதையை வயதான காலத்தில் தானே எழுதுவதுபோல அமைந்த நாவல் அது. நெவிலுக்கு டிராகன் மீது பெரிய பிரியமெல்லாம் கிடையாது. ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் அவர் விழுந்தார். அகஸ்டா ஒரு டிராகனின் உதட்டைத் தூக்கி, பல்லைப் பார்த்து வயது சொல்கிறாள். நெவிலும் ஆடுகளுக்கு அப்படித்தான் வயது சொல்வார். தன் தொழில் தெரிந்த ஒரு பெண்ணை ஐம்பத்தெட்டு வயதில் அவர் புத்தகத்தில் சந்தித்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு ஏறிவிட்டது. "காலை ஏழு மணி. வில்ஃப்ரட் வேலியோரம் நின்று காரணமின்றி முறைத்தான்" என்று தன் பெரிய கிடாவைப் பற்றிக் குறிப்பெழுத ஆரம்பித்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், புத்தகம் அவருடையது அல்ல. அவர் மனைவி ரோஸுடையதும் அல்ல. எங்கள் குராபின் ஊர் நூலகம் வாசகர் வட்டங்களுக்குப் பத்துப் பிரதிகளை ஒரே பையில் போட்டு இரவல் தரும். முதுகில் ஒன்று முதல் பத்து வரை எண் ஒட்டியிருக்கும். பத்து போனால் பத்து திரும்பி வரவேண்டும். பெண்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் ரோஸ்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். கூட்டம் வியாழன் மதியம். இன்று செவ்வாய்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நெவில் நாவல் படிக்காதவர். முப்பத்தொரு வருஷமாக ஊரறிய நாவல் படிக்காதவர். "நடக்காததை ஒருத்தன் உட்கார்ந்து எழுதுவானாம், அதை இன்னொருத்தன் உட்கார்ந்து படிப்பானாம். ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லை" என்பதை அவர் மதுக்கடையில் சொல்லியிருக்கிறார், ஆட்டுச் சந்தையில் சொல்லியிருக்கிறார், சொந்த மகள் கல்யாணத்தில் மைக் பிடித்தும் சொல்லியிருக்கிறார்.

ரோஸுக்குத் தெரிந்தால் சிரிப்பாள். அவள் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். இரண்டும் இடதுகாலாக அவர் ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தபோது மூன்று நாள் குலுங்கியது. இதற்கு மூன்று மாதம் குலுங்கும்.

வாசலில் கார் நின்றது. நெவில் புத்தகத்தைக் குடற்புழு மருந்துப் பெட்டிக்கு அடியில் தள்ளினார்.

"நெவ், என் புத்தகத்தைப் பார்த்தியா? கெட்டில் பக்கத்துலதான வச்சிருந்தேன்" என்றபடி ரோஸ் உள்ளே வந்தாள்.

"எந்தப் புத்தகம்?"

"டிராகன் புத்தகம்."

"டிராகனா? அதைப் பத்தியெல்லாமா எழுதுறாங்க?"

"எழுதுறாங்களாம்." ரோஸ் காய்கறிப் பையை மேஜையில் வைத்தாள். "சரி, எங்கயாவது கிடக்கும். வியாழக்கிழமைக்குள்ள கிடைச்சா போதும்."

"நீ படிச்சு முடிச்சிட்டியா?"

"என் கண்ணாடியை எங்க வச்சேன்னே தெரியல" என்றாள் ரோஸ். பிறகு குனிந்து குட்டியின் பெட்டியைப் பார்த்தாள். "இதுக்கென்ன, வாயோரமெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"பால்" என்றார் நெவில்.

குட்டி ஒரு ஏப்பம் விட்டது.

அரைமணி நேரத்தில் நெவில் டவுனில் இருந்தார். குடற்புழு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிக்கப் வண்டியை நூலகத்துக்குப் பின்னால் மரத்தடியில் நிறுத்தினார். நூலகர் மார்கோ அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். கூரை ஒழுகியபோது ஏணி பிடிக்க வந்ததற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"அந்த டிராகன் புத்தகம் இன்னொண்ணு இருக்குமா?" என்றார் நெவில், திருடிய பொருளுக்கு விலை கேட்பவர்போல.

"பத்தும் லேடீஸ்கிட்ட இருக்கே. வெளியூர்ல இருந்து வரவழைச்சா பத்து நாள் ஆகும்." மார்கோ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "உங்களுக்கா நெவில்?"

"எனக்கா! சேச்சே. கிளைவுக்கு."

"கிளைவ் படிப்பாரா?"

"படுக்கையில கிடக்கான். வேற என்ன செய்வான்?"

மார்கோவின் கை நெஞ்சுக்குப் போனது. "ஐயோ! என்ன ஆச்சு?"

நெவில் கதவுப் பக்கம் நகர்ந்தார். "டாக்டருங்களே வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

கிளைவ் ஹண்டர்ஃபோர்ட் பக்கத்துப் பண்ணைக்காரர். இருபது வருஷமாக ஒருநாள்கூடப் படுத்ததில்லை. அவர் மனைவி பெவ் ஒரு வாரமாகக் கடற்கரைப் பக்கம் அக்கா வீட்டில். தனியாக இருக்கும் மனிதர். அவசரத்துக்கு அவர் பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நெவில் நினைத்தார். எங்கள் ஊரை அறிந்த மனிதர் அப்படி நினைத்திருக்கக் கூடாது. இங்கே ஒருவர் படுத்தால் தெருவிலுள்ள ஓவன்களெல்லாம் எழுந்துகொள்ளும்.

புதன் காலை கிளைவின் வண்டி புழுதி பறக்க வந்து நின்றது. நெவில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் இருந்தார்.

"யோவ் நெவ்! எனக்கு என்னய்யா நோவு?"

"என்ன?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்! நேத்து சாயங்காலத்துல இருந்து எட்டுப் பாத்திரம் சாப்பாடு வந்திருக்கு. அதுல அஞ்சு, மீன் போட்ட டியூனா மக்ரோனி. நான் டிராக்டருக்கு அடியில படுத்து நட்டு முடுக்கிட்டு இருக்கேன், பாதிரியார் வந்துட்டார். எழுந்திருக்காதீங்க, எழுந்திருக்காதீங்கன்னு முக்கால் மணி நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்றார். ஸ்பேனர் கையில இருக்குய்யா எனக்கு!"

"உட்காரு கிளைவ்."

"உட்காரவா? சனிக்கிழமை பௌல்ஸ் ஆட்ட ஃபைனல்ல எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டாச்சு. நல்லா ஓய்வெடுங்கன்னு கார்டு வேற. யாரைக் கேட்டாலும் நெவ்தான் சொன்னான்னு சொல்றாங்க."

இனி ஒளித்துப் பயனில்லை. நெவில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியில் ஆரம்பித்தார். ரோஸின் புத்தகம் சும்மா கிடந்தது, சும்மா கை பட்டது, சும்மா இருநூற்றுப் பதினொரு பக்கம் படித்தேன், இருபத்து மூன்றாம் அத்தியாயம் போய்விட்டது என்றார். கிளைவ் சிரிக்கப்போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சிரிப்பு வரவில்லை. ஒரு குரல்தான் வந்தது.

"அப்ப, கயிறு அறுந்துச்சா இல்லையான்னே உனக்குத் தெரியாதா?"

நெவில் கண்ணைத் திறந்தார். "நீ படிச்சியா?"

"பெவ் விட்டுட்டுப் போனது. டிராக்டர் சீட்டுல கிடந்துச்சு."

"புத்தகம் எப்படிய்யா டிராக்டர் சீட்டுல கிடக்கும்?"

"அது எப்படியோ கிடந்துச்சு. விடு." கிளைவ் கம்பளிமூட்டை மேல் உட்கார்ந்தார். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஒன்பது வருஷத்துக்கு ஒரு முட்டை போட்டா அந்த இனம் எப்படிய்யா தாங்கும்? நம்ம ஆடு அப்படி ஈன்றா நாம பண்ணையை வித்துட்டுப் போயிருப்போம்."

"அதை அவ பதினெட்டாம் அத்தியாயத்துல சொல்லியிருக்காளே! அதுக்கு ஆயுசு முந்நூறு வருஷம்."

"அட, ஆமாம்ல!"

இருவரும் ஒரு மணி நேரம் டிராகன் பேசினார்கள். முப்பது வருஷ நட்பில் மழை, ஆட்டு விலை, மழையின்மை இவை தவிர அவர்கள் பேசிய முதல் விஷயம் அது. அகஸ்டாவின் உதவியாளனாக வரும் அந்த மீசைக்காரன் ஒரு காசுக்குப் பெறாதவன் என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம்.

"சரி, இப்ப என்ன பண்றது?" என்றார் கிளைவ். "என் புத்தகத்தை உனக்குக் குடுத்தா பெவ் என்னைக் கேப்பா. முதுகுல நம்பர் வேற ஒட்டியிருக்கு."

"காப்பி எடுத்தா?"

"காப்பி மெஷின் லைப்ரரியிலதான இருக்கு. நான் படுத்த படுக்கையா இருக்கேன், நீ அங்க மறுபடி போனா என் சாவுச் செய்தியோடதான் திரும்புவே."

கடைசியில் கையால் எழுதி ஒட்டிவிடுவது என்று முடிவாயிற்று. கிளைவ் தன் பிரதியைக் கொண்டுவந்தார். உட்கார்ந்து வாசித்தால் குரல் வராது என்று கம்பளிமூட்டைகள் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். நெவில் காலடியில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எழுத உட்கார்ந்தார்.

அது என்ன அத்தியாயம்! கயிறு இழை இழையாக அறுகிறது. பிழைக்க மாட்டோம் என்று அகஸ்டாவுக்குத் தெரிந்துவிட்டது. தொங்கியபடியே தன் பொருள்களை யார் யாருக்கு என்று மனதுக்குள் பங்கு போடுகிறாள். கிளைவின் குரல் தழுதழுத்தது.

"'என் தொலைநோக்கி தங்கைக்கு. என் குதிரையைச் சமையற்காரிக்கே விட்டுச் செல்கிறேன், அவள்தான் அதற்குச் சர்க்கரை கொடுத்தவள். நான் வாழ்ந்தது போதும். பார்த்தது மட்டும் போதவில்லை.' எழுதிட்டியா?"

"கொஞ்சம் மெதுவா சொல்லுய்யா." நெவில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கும் ஒழுகியது.

வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. இருவரும் கவனிக்கவில்லை. எழுதி முடித்து, டிராகனே கயிற்றைப் பல்லால் கவ்வி அகஸ்டாவை மேலே இழுத்துப் போட்ட பிறகு, இருவரும் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். படியில் துணியால் மூடிய ஒரு பாத்திரம் சூடாக உட்கார்ந்திருந்தது. டியூனா மக்ரோனி. மூடியில் மார்கோவின் பெயர்.

"என் வண்டியைப் பார்த்துட்டு இங்க வந்திருக்கா. எவ்வளவு நேரம் நின்னிருப்பா?" என்றார் கிளைவ்.

பதில் மாலைக்குள் வந்துவிட்டது. நெவில் பதினாறு பக்கத்தையும் பசை போட்டு ஒட்டி, காயவைத்து, புத்தகத்தைக் கெட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். புத்தகம் முன்பைவிட இரண்டு மடங்கு பருமனாக, பட்டர் திணித்த பன்போல வாய்பிளந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ரோஸ் போனை வைத்துவிட்டு வந்தாள்.

"மார்கோ பேசினா. கிளைவ் உயில் எழுதிட்டானாமே. நீதான் பக்கத்துல அழுதுக்கிட்டே எழுதினியாம்."

நெவில் பசை டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"குதிரையைச் சமையற்காரிக்கு எழுதி வச்சானாம். கிளைவுக்கு ஏது குதிரை? ஏது சமையற்காரி?"

"நோய் முத்திப்போச்சு ரோஸ். என்ன பேசுறோம்னே அவனுக்குத் தெரியல."

ரோஸ் சட்டென்று திரும்பி, ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டாள். வெண்ணெய் தேடுவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"பெவ்வுக்குச் சொல்லியாச்சா?" என்று நெவில் மெல்லக் கேட்டார்.

"மார்கோ போன் பண்ணிட்டா" என்றாள் ரோஸ், ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து. "நாளைக்குக் காலையிலயே கிளம்புறாளாம். அஞ்சு மணி நேரம் ஓட்டணும். நேரா கூட்டத்துக்கு வந்துடுவா."

"புருஷன் இப்படிக் கிடக்கும்போது கூட்டத்துக்கா?"

"இந்தத் தடவை எப்படித் தவறவிடுறதுன்னு கேட்டாளாம்."

துக்கத்தில் மனிதர்களுக்குப் புத்தி பேதலிக்கும் என்று நெவில் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெவ் நல்ல பெண். அவர் மகளுக்குத் தொட்டில் போர்வை பின்னிக் கொடுத்தவள். தான் சொன்ன ஒரு பொய்க்காக அவள் ஐந்து மணி நேரம் அழுதுகொண்டே வண்டி ஓட்டி வருவாளே என்பது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

வியாழன் காலை அவர் வில்ஃப்ரட்டுக்கு எதிரில் வேலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அகஸ்டா டிராகன்களுக்குக் காது கேட்காது என்று ஒரு முறை எழுதிவிட்டாள். தப்பு என்று தெரிந்ததும் நானூறு அறிஞர்கள் கூடிய சபையில், அவளைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்த சபையில், எழுந்து நின்று "நான் சொன்னது தவறு" என்று சொன்னாள். அந்தப் பொம்பளைக்கு இருந்த தைரியம் தனக்கு இல்லாமல் போகுமா? முப்பத்தொரு வருஷப் பெருமை போனால் போகிறது. தோள் குலுங்கினால் குலுங்கட்டும்.

இரண்டு மணிக்கு அவர் கிளைவையும் கூட்டிக்கொண்டு ஊர் மன்றத்துக்குப் போனார். கிளைவ் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"நான் நடந்து வந்தா நாலு பேர் மயங்கி விழுவாங்க. நீயே போய்ச் சொல்லு. என் பேரை மட்டும் இழுக்காதே."

"உன் பேரை இழுக்காம எப்படிய்யா?"

"நோவு இல்லைன்னு சொல்லு. படிச்சேன்னு சொல்லாதே" என்று கிளைவ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

நெவில் பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நடுவில் பெவ் உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டை கண்ணில். உடம்பே குலுங்கியது. சுற்றிலும் எட்டுப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோஸும் ஒரு கையால் முகத்தை மூடியிருந்தாள்.

அவர் சமையலறைப் பக்கக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரு இளம்பெண் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர், ஐலா. போன மாதம்தான் வட்டத்தில் சேர்ந்தவள். நெவில் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நின்றால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

"இங்க பாரும்மா, உள்ள போய்ச் சொல்லு. கிளைவுக்கு ஒரு நோவும் இல்லை. அது உயிலும் இல்லை. நான் புளுகினேன். என் பொண்டாட்டியோட புத்தகத்தைத் திருட்டுத்தனமா படிச்சேன், ஆட்டுக்குட்டி தின்னுடுச்சு, அதை மறைக்கப் போய் எல்லாம் இப்படி ஆயிடுச்சு. நான் நாவல் படிக்கிறவன். போன மாசமும் படிச்சேன். அதுக்கு முந்தின மாசமும் படிச்சேன். நாலு வருஷமா படிக்கிறேன். எனக்குப் பிடிச்சிருக்கு. பெவ்வை மட்டும் அழ வேண்டாம்னு சொல்லு."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்காகவா முப்பத்தொரு வருஷம் என்று அவருக்கே தோன்றியது.

ஐலா கத்தியைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ பெரிய ஆட்டக்காரரை நேரில் பார்த்துவிட்டதுபோல அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப நீங்கதான் நெவிலா? அவங்க யாரும் அழலைங்க, சிரிப்பை அடக்க முடியாம தவிக்கிறாங்க. எங்க வட்டத்துல புத்தகமும் யாரும் படிக்கிறதில்லை. அவங்கவங்க வீட்டுக்காரர் திருட்டுத்தனமா எத்தனை பக்கம் படிச்சிருக்கார்னுதான் மாசாமாசம் போட்டி, அதுல நாலு வருஷமா உங்க ரோஸை யாராலயும் ஜெயிக்க முடியல!"